சில்லு சொல்லாத பெயர்

என் வீட்டுக்காரர் பொன்னுலிங்கத்துக்கு வயது எண்பத்தொன்று. காதுக்குப் பின்னால் பதித்த நினைவுச் சில்லு, அவர் தடுமாறும் முன்பே சொல்லை எடுத்துக் கொடுத்துவிடும். அது வந்த நாளிலிருந்து என்னைப் பெயர் சொல்லி "பேராச்சி" என்று கூப்பிட ஆரம்பித்தார். ரேஷன் கடையில் பெயர் வாசிப்பதுபோல இருந்தது. ஐம்பத்திரண்டு வருஷமாக அவர் வாயில் நான், எங்கள் ஊர் வழக்கப்படி, பெயரில்லாத வெறும் "ஏளா"தான். எனக்குப் பொறுக்கவில்லை; சில்லு இல்லாமலே அவரைச் சமாளிக்கவைக்கத் தீர்மானித்தேன்.

தினமும் காலையில் சில்லை அணைத்து, ஒரு மணி நேரம் அவரை உட்காரவைத்தேன். பாளையங்கோட்டை – தூத்துக்குடி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அந்த நிறுத்தங்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். முதல் மாதம் தெய்வச்செயல்புரத்தைத் தாண்டவில்லை. கோபித்துக்கொண்டு எழுந்தால் காப்பி கிடையாது என்றேன். அந்த ஒரு மணி நேரம் என்னை எப்படியும் கூப்பிடமாட்டார், முறைப்பார், அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழித்து, சில்லு இல்லாமல் நினைவு எப்படி என்று பார்க்கப் பரிசோதனை. சென்னையிலிருந்து வந்திருந்த டாக்டரம்மா சில்லை அணைத்தார். நிறுத்தங்கள் அத்தனையையும் பிசகாமல் சொன்னார் இவர். பிறகு டாக்டரம்மா என்னைக் காட்டி, "இவங்க பேர் என்னங்க ஐயா?" என்று கேட்டார்.

இவருக்கு வெட்கம் வந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"ஏளா, அந்தப் புள்ள கேக்குல்லா, உம் பேரச் சொல்லேன்."

'மனைவி பெயர் நினைவில்லை' என்று டாக்டரம்மா எழுதினார்.

"அத அழிச்சுட்டு முழு மார்க்கு போடுங்க," என்றேன். "அவுக பேரச் சொல்லியிருந்தா, சில்லு இன்னும் ஓடுதுன்னுல்லா நெனச்சிருப்பேன்."