தண்ணீர்ப்பையில் துரு

‘இன்னைக்காவது நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்.’

மனசுக்குள் வேண்டிக்கொண்டே குழாயின் நுனியைக் கணவரின் உதட்டில் வைத்தாள். மலையேறுகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் தண்ணீர்ப்பை. இப்போது அது கட்டிலின் தலைமாட்டில் தொங்கியது. படுத்தபடியே உறிஞ்சலாம்.

ஒரு வாய் உறிஞ்சியவர் முகத்தைச் சுளித்தார்.

"துரு. அதே துரு. ஆணியைச் சப்பின மாதிரி இருக்கு."

"நல்லாத்தானே கழுவினேன்..."

"என்னத்தக் கழுவின? எத்தனை பேரை மலைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன்! ஒருத்தர் பையிலயும் இந்தக் கண்றாவி இல்ல. இந்தத் தண்ணி பட்டுப் பட்டு என் நாக்கே கெட்டுப்போச்சு. கஞ்சியும் துருவா இருக்கு."

அவரைப் பார்க்க வந்திருந்த தங்கை சிரித்தாள். "உடம்புதான் இளைச்சிருக்கு. எங்க அண்ணன் வாய் இளைக்கவே இல்ல! அண்ணி, சமையல் சோடா போட்டுப் பாத்தீங்களா?"

"போட்டேன்."

"எலுமிச்சம்பழம்?"

"பிழிஞ்சு ஊற வெச்சேன். குழாய்க்குள்ள பிரஷ் விட்டுத் தேய்ச்சேன். ஒட்டிக்காம காயட்டும்னு உள்ள ஒரு கரண்டியைச் செருகிக் கவுத்துத் தொங்கவிட்டேன்."

"அதுக்கும் போகலையா? பை இல்ல இது, பிடிவாதம்!"

"என் கைதான் சரியில்ல" என்றாள் அவள்.

அவர் குரல் இறங்கியது. "சரி விடு. ஆபரேஷன்ல கட்டியை எடுத்தாச்சு. வாராவாரம் சத்து மருந்தும் ஏத்தறாங்க. மழை விட்டதும் நான் மலைக்குப் போகணும். அதுக்குள்ள இதைச் சரி பண்ணிடு. பாவம், உன்னைத் திட்டிட்டே இருக்கேன்."

"திட்டுங்க, பரவாயில்ல."

திட்டும்போதுதான் அவர் குரலில் பழைய தெம்பு எட்டிப்பார்க்கிறது. அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

தங்கை எழுந்தாள். "எதுக்கு அண்ணா இந்தப் பையோட மல்லுக்கட்டு? டம்ளர்ல தண்ணி கொண்டு வரேன். நான் தலையைத் தாங்கிப் பிடிச்சுக்கறேன், குடி."

"அட, இது எனக்குத் தோணவே இல்லையே! கொண்டு வா."

தங்கை டம்ளரோடு திரும்பியபோது, அவள் அறை வாசலிலேயே நின்றிருந்தாள். டம்ளரைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"குடும்மா, தாகமா இருக்கு." அவர் கையை நீட்டினார்.

வாராவாரம் ஏறுவது சத்து மருந்து அல்ல, திரும்பி வந்துவிட்ட நோய்க்கான மருந்து. அந்த மருந்தால் இனி எந்தத் தண்ணீரும் அவர் நாக்குக்கு இரும்பாகத்தான் இருக்கும் என்று டாக்டர் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார். இந்த டம்ளரிலும் துரு இருந்துவிட்டால், அப்புறம் பழி போட ஒரு பை இருக்காது.

"வேண்டாம்ங்க" என்றாள் மெதுவாக. "நாளைக்கு இன்னும் நல்லாக் கழுவித் தரேன்."