சிவப்பு நூல் கட்டிய முட்டைச் சரம்

தோட்டத் தொட்டியில் மிதந்தது கொத்தாக இல்லாமல் சரமாக இருந்ததால், அது தவளை முட்டையல்ல, தேரை முட்டைதான் என்று ஐந்து முறை சரிபார்த்த பிறகே, அக்கா வீட்டில் தங்கியிருந்த தங்கை குறிப்பேட்டில் எழுதினாள். இரண்டு நாள் யாரும் தொடாமல் இருந்தால் பொரிந்துவிடும். கண்டறிந்ததற்கு அடையாளம் கட்ட வேண்டும் என்பது மாலை நேர உயிரியல் வகுப்பில் படித்த பாடம். சரத்தின் நடுவே சிவப்பு நூலைத் தளர்வாகக் கட்டினாள். இடக்கைக்காரி என்பதால் அவள் போடும் முடிச்சு எப்போதும் தலைகீழாகத்தான் விழும்.

அக்கா வீட்டுக்காரருக்கு இதைவிட நல்ல வேடிக்கை கிடைக்கவில்லை.

"தேரைக்குப் பிரசவம் பார்க்கத்தான் வகுப்புக்குப் போறியா?" என்றவர், சரத்தைக் குவளையில் அள்ளித் தெருச் சாக்கடையில் ஊற்றினார்.

மறுநாள் காலை சரம் தொட்டியிலேயே கிடந்தது, நூலோடு.

"சாக்கடையில கைய விட்டியா? த்தூ. இந்தக் கையால எனக்குக் காபி போடாதே."

"நான் எடுக்கல அத்தான். விட்டுடுங்க, நாளைக்குப் பொரிஞ்சிடும்."

அவர் வாளியோடு வண்டியில் போய், பாலத்திலிருந்து ஆற்றில் கவிழ்த்துவிட்டுச் சீட்டியடித்தபடி திரும்பினார்.

மூன்றாம் நாள் காலையிலும் சரம் தொட்டியில் இருந்தது. முட்டைகள் பொரியத் தொடங்கியிருந்தன. நூலை மட்டும் காணவில்லை. தன் கண்ணையே நம்பாமல் அவள் இரண்டு முறை தேடினாள்.

உள்ளே அத்தான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"எப்ப வந்து கட்டினே, விஞ்ஞானி? அவிழவே மாட்டேங்குது," என்று ஒரு காலை நீட்டினார்.

கணுக்காலில் சிவப்பு நூல் தலைகீழ் முடிச்சோடு இருந்தது. அதிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.