சிவப்பியை விற்ற காரணம்

செந்தில்முருகன் சொன்னதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அவன் சேரன்மகாதேவியில் பூதத்தானிடம் மாடு வாங்கப் போயிருந்தான்.

"புண்ணாக்கு விலை ஏறிட்டு, பால் விலை ஏறல. இனி ஒரு மாட்டைத்தான் வச்சுக்கிட முடியும். சிவப்பியைப் பிடிச்சுக்கிடும்" என்றார் பூதத்தான்.

"எட்டு லிட்டர் கறக்கிறதை வித்துட்டு, ரெண்டு லிட்டர் கருப்பியையா வச்சுக்கிடுதிய? மடியில கோளாறோ அண்ணாச்சி?"

"கறவையைப் பாத்துட்டுப் பேசும். தள்ளி நில்லும்" என்று அவர் வீட்டுக்குள் போனார்.

பச்சைச் சேலையில் முக்காடிட்ட உருவம் வந்து சிவப்பியின் அருகே குந்தியது. வாளி நுரைத்து நிறைந்தது.

"மதினி, அந்தச் சேலையையும் குடுத்துருங்க. அதைக் கட்டிக்கிட்டு உக்காந்தாத்தான் எங்க வீட்டுக்காரிக்கும் இது சுரக்கும்."

முக்காடு விலகியது. பூதத்தான்!

"உங்க மதினி போய்ச் சேந்து ஆறு மாசமாச்சு. கருப்பி யாருக்கும் கறக்கும். இது அவளுக்குத்தான் கறக்கும். ரெண்டு வேளையும் இதை ஏமாத்த என்னால முடியலவே."

சிவப்பி முந்தானையை நக்கிக்கொண்டிருந்தது. செந்தில்முருகன் தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றினான்.

இப்போது சிவப்பி கங்கைகொண்டானில் செந்தில்முருகன் வீட்டில் நிற்கிறது, சேலையும் அங்கேதான். பூதத்தான் வேட்டியோடு உட்கார்ந்து கருப்பியைக் கறக்கிறார்.