சாவி கையிலிருக்கும் வரை

சரக்கு இறங்கி முடியும்வரை லாரிச் சாவி கிடங்குப் பொறுப்பாளர் சாரதாமணியிடம்தான் இருக்கும். ஆள் உள்ளே நிற்கையில் வண்டி நகர்ந்துவிடக் கூடாதல்லவா? மற்ற ஓட்டுநர்களின் சாவி ஆணியில் தொங்கும். மாதம் ஒருமுறை வருகிற சென்னியப்பனின் சாவி மட்டும் அவள் உள்ளங்கையிலேயே கிடந்து சூடேறும்.

கடைசிப் பெட்டியும் இறங்கியது. காலி வண்டிக்குள் ஏறி மூலை மூலையாகப் பார்த்தாள். பின்சக்கரத்துத் தடைக்கட்டையைத் தானே உருவிச் சுவரோரம் வைத்தாள். நிறுத்திவைக்க இனிச் சாக்கில்லை. சென்னியப்பனை வண்டியருகே விட்டு அறைக்குள் போய், வண்டி வெளியேறுவதற்கான கேட் சீட்டில் கையெழுத்துப் போட்டு வந்தாள்.

“இந்தாங்க சாவி. பாத்துப் போங்க.”

வாங்கிய அவன் கையெல்லாம் புழுதி.

“வரேனுங்க” என்று ஏறினான். எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை.

குனிந்து பார்த்தாள். கட்டை மறுபடியும் சக்கரத்தடியில் இருந்தது.