குடும்பத்துக்கு ஒரு கூப்பன்

“இவரு யாருன்னே எனக்குத் தெரியாதும்மா. தனித்தனியா பில் போடு” என்றாள் டீச்சர், தன் பெரிய துணிப்பையை மேசையின் இடது ஓரத்தில் தொப்பென்று வைத்தபடி.

பின்னால் நின்ற மெக்கானிக் சட்டென்று கூரையைப் பார்த்தார். ‘இந்த அம்மாவை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்’ என்று முகத்தில் எழுதி ஒட்டாத குறை.

பில் போடும் பெண் சிரித்தாள். “நான் ஒண்ணுமே கேக்கலையே டீச்சரம்மா!”

“கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிட்டா உனக்கு வாய் மிச்சம்.”

இரண்டு பில், இரண்டு கூப்பன். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று சோப்புத்தூளும் ஷாம்பூவும் இரட்டை இரட்டையாக நகர்ந்தன. தன் பில் முடிந்த பிறகும் டீச்சர் பையை எடுக்காமல், அவர் பில் முடியும்வரை நின்றாள்.

பார்க்கிறவர்கள் கைதேர்ந்த புருஷன் பெண்டாட்டி என்றுதான் நினைப்பார்கள். ஆனால் டீச்சர் சொன்னது முக்கால்வாசி நிஜம். ஒருவர் பெயர்கூட மற்றவருக்குத் தெரியாது.

போன மழைக்காலத்தில், இதே வரிசையில் மெக்கானிக் இரண்டு கூப்பனை நீட்டினார். “குடும்பத்துக்கு ஒண்ணுதான் சார்” என்று பெண் கையை விரித்துவிட்டாள். “ஒண்டிக்கட்டைக்கு ஏதும்மா குடும்பம்?” என்று அவர் முணுமுணுத்தது பின்னால் நின்ற டீச்சர் காதில் விழுந்தது.

“ஒண்ணை இப்படித் தள்ளுங்க, என் பில்லுல போட்டுக்கறேன். அடுத்த வாரம் என் எண்ணெய்க் கூப்பனை நீங்க போட்டுக் குடுங்க” என்றாள் அவள். அப்படி ஆரம்பித்ததுதான் இந்தச் சனிக்கிழமைக் கூட்டு.

கடைக்கு வெளியே, டிராலிகள் நிற்கும் இடத்தில் ஒரு பெஞ்சு. பாகப்பிரிவினை அங்கேதான் நடக்கும். கூடவே பாடமும்.

“கூப்பன் இருக்கேன்னு வாங்கக் கூடாது சார். வாங்கப்போற சாமானுக்குக் கூப்பன் இருக்கான்னு பாக்கணும். முதல்ல விலையை ஏத்திட்டு அப்புறம் தள்ளுபடின்னு நாமம் போடுறானான்னும் பாக்கணும்.”

“சரிங்க டீச்சர்” என்று நல்ல பிள்ளையாகத் தலையாட்டுவார் மெக்கானிக். கட்டிலுக்கடியில் பிரிக்காத சோப்புத்தூள் பாக்கெட்டுகள் குவிந்து கிடப்பதை மட்டும் சொன்னதில்லை.

லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. ஏறுகிறவர்கள் மாடி எண்ணைப் பார்ப்பார்களே தவிர, மூலையில் ஸ்பேனரோடு நிற்கிற ஆளைப் பார்க்க மாட்டார்கள். வீட்டுக்குப் போனால் அங்கே பேசுவது டி.வி. மட்டும்தான். மனைவி போன பிறகு, ‘சாப்பிட்டீங்களா’ என்று வாரத்தில் ஒரு நாள் கேட்கிற ஒரே குரல் இந்தப் பெஞ்சில்தான் இருந்தது.

இன்றும் கேட்டாள். கேட்டுவிட்டுப் பைக்குள் துழாவினாள். “ஷாம்பூ எங்க சார்? ரெண்டையும் நீங்களே அமுக்கிட்டீங்களா? மண்டையில எண்ணி நாலு முடி இல்ல, உங்களுக்கு எதுக்கு ரெண்டு?”

“ஐயையோ, மேசையிலயே விட்டுட்டேன். இருங்க டீச்சர், இதோ வந்துடறேன்.”

உள்ளே ஓடினார். ஷாம்பூ பத்திரமாக இருந்தது. அதை எடுக்கக் கை நீட்டியபோதுதான், மேசையின் இடது ஓரத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸ் கண்ணில் பட்டது. கொட்டை எழுத்து, கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்.

‘குடும்பத்துக்கு ஒரு கூப்பன் என்ற கட்டுப்பாடு நீக்கப்பட்டது. ஒரே பில்லில் எத்தனை கூப்பன் வேண்டுமானாலும் தரலாம்.’

நின்றுகொண்டிருந்த லிஃப்ட் திடீரென்று இரண்டு மாடி இறங்கினாற்போல் இருந்தது அவருக்கு.

“இது... எப்பம்மா ஒட்டுனது?”

“ஒரு மாசமாச்சே சார்.”

“ஒரு மாசமா! என் கண்ணுல படவே இல்லையே?”

“எப்படிப் படும்?” என்று பெண் பில் மெஷினில் பேப்பர் ரோல் மாற்றுவதில் மும்முரமானாள்.

மெக்கானிக் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். டீச்சர் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து சோப்புத்தூளை இரண்டு பைகளுக்கும் சமமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் இந்த நோட்டீஸ் அவள் கண்ணில் பட்டால் போதும், தன் கூப்பனைத் தானே நீட்டிக்கொள்வாள். வரிசையில் அவர் யாரோ, அவள் யாரோ. அந்தப் பெஞ்சும் வெறும் பெஞ்சாகிவிடும்.

“இதைக் கொஞ்சம் பிச்சிடேன்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

“மேனேஜர் ஒட்டுனது சார். என் வேலை போயிடும்.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “சரி, பிக்க வேணாம். அடுத்த சனிக்கிழமையிலேர்ந்து நான் முந்திக்கிட்டு வந்து என் டூல்ஸ் பையை இது மேல வெச்சிடறேன். அந்தம்மாவுக்கு இது தெரியவே கூடாது. நீயும் மூச்சு விட்டுடாத.”

தோளில் தொங்கிய பையை இறக்கி, அளவு பார்க்கிற மாதிரி நோட்டீஸ் மேல் வைத்தும் காட்டினார். ஓர் எழுத்து வெளியே தெரியவில்லை.

பெண் அந்தப் பையை மெல்லத் தூக்கி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். கண்ணாடிக்கு அப்பால், பெஞ்சிலிருந்து டீச்சர் கழுத்தை நீட்டி அவர்கள் பக்கமே பதற்றமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது டீச்சரம்மா பை வைக்கிற எடம் சார்.”