அதே மாதிரி ஓர் உறை

"என் பெண்டாட்டி வாங்கின மாதிரியே எனக்கும் ஓர் உறை வேணும், மேடம். அவ பிறந்தநாளன்னிக்கு ரெண்டு பேரும் ஜோடியா மாட்டிக்கிட்டு நிக்கணும்."

தொப்பியைக் கழற்றிக் கவுண்ட்டரில் வைத்துவிட்டுச் சிரித்தான் டாரெல். கடைக்காரி வெர்னா அந்தப் பக்கத்து வழக்கப்படி, குடிக்க வைத்திருந்த கோக் பாட்டிலுக்குள் வறுத்த கடலையைக் கொட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் மான் வேட்டைப் பருவம் தொடக்கம். அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநில நெடுஞ்சாலையோரத்து அந்தத் துப்பாக்கிக் கடையில் காலையிலிருந்து இருந்த கூட்டம் இப்போதுதான் ஓய்ந்திருந்தது.

"சட்டையில ஜோடி பார்ப்பாங்க, செருப்புல பார்ப்பாங்க. நீங்க துப்பாக்கி உறையில பார்க்கறீங்களே, தம்பி! அவங்க பேரு?"

"லோரீன். குள்ளமா, சிவப்பு முடி. போன வாரம் வந்திருப்பா. அவ குப்பைத் தொட்டியில உங்க கடைப் பை கிடந்துச்சு."

கடலை கொட்டிய கை ஒரு நொடி நின்றது.

"பை மட்டுமா? பெட்டி கிடக்கலையா? பெட்டி மேல எந்த உறைன்னு போட்டிருக்குமே."

"பை மட்டும்தான்."

"அப்போ என் ஞாபகத்தை நம்பி வந்திருக்கீங்க. சரி, பார்ப்போம்."

சுவர் முழுக்கக் கொக்கிகளில் உறைகள் தொங்கின. ஒரு கொக்கி மட்டும் காலி. வெர்னா அதை மறைத்தபடி நின்று, எட்டி ஒரு தோல் உறையை எடுத்தாள்.

"சட்டைக்குள்ள மறைச்சு மாட்டிக்கறது. இந்தப் பட்டை துப்பாக்கி மேல குறுக்கே வந்து பிடிச்சுக்கும். கட்டைவிரலால தள்ளினாத்தான் விடும்."

"நான் வேண்டாம்னேன், மேடம். நான் இருக்கும்போது உனக்கெதுக்கு துப்பாக்கின்னேன். கேட்டாளா?"

"சொன்ன பேச்சு கேக்காத பொம்பளைங்களாலதான் இந்தக் கடையே ஓடுது, தம்பி."

டாரெல் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "எனக்கு ஒரே கவலை அதுதான். எவனாவது எதிர்ல நின்னு, இடுப்புல கையைப் போட்டு உருவிட்டான்னா? அவ துப்பாக்கியாலயே அவ கதை முடிஞ்சுடும்."

"அப்படி உருவக் கூடாதுன்னுதானே பட்டை."

"தாங்குமான்னு பார்க்கணுமில்ல? எதிர்ல நிக்கிறவன் எந்தப் பக்கமாத் தள்ளணும்?"

வெர்னா உறையைத் தன் இடுப்பில் மாட்டினாள். பயிற்சிக்கு வைத்திருக்கும் நீல ரப்பர் துப்பாக்கியை அதில் செருகி, சட்டையை மேலே இழுத்து விட்டுக்கொண்டாள்.

"வாங்க. அந்த எவனாவது நீங்கதான்னு வச்சுக்குங்க."

இழுத்தான். வெர்னாதான் அவனோடு போனாள், துப்பாக்கி அசையவில்லை.

"பலம் வேண்டாம். விரலை உள்ளே விட்டுத் தள்ளுங்க. இன்னும் மேல. பயப்படாதீங்க, நான் ஒண்ணும் உடைஞ்சு போயிட மாட்டேன்."

பட்டை விட்டது. துப்பாக்கி அவன் கைக்கு வந்துவிட்டது.

"இவ்வளவுதானா!"

"பழகினா இன்னும் சுலபம். திரும்ப இழுங்க."

அவன் திரும்பத் திரும்ப இழுத்தான். உறையைப் பார்க்காமல், வெர்னாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உருவும் அளவுக்குக் கை பழகிவிட்டது.

"லோரீன் வாங்கினது இதுதானே? நிச்சயமா?"

"அந்தச் சிவப்பு முடியை மறப்பேனா, தம்பி?"

அவன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். "யோசிச்சுட்டு வந்து வாங்கிக்கறேன்."

"வாங்க. பிறந்தநாளுக்கு என் வாழ்த்தையும் சேர்த்துச் சொல்லுங்க."

அவனுடைய வண்டி தீவனக்கடை முனையில் திரும்பி மறையும்வரை வெர்னா கையசைத்தாள். பிறகு கதவை உள்பக்கம் பூட்டினாள். முதலில் ஷெரிஃப் ஆபீசுக்குப் பேசினாள். அடுத்து இன்னொரு எண்ணுக்கு.

"லோரீன் கண்ணு, உன் பக்கமே வரக் கூடாதுன்னு கோர்ட்டு சொன்ன ஆளு இப்போ இங்கேயிருந்துதான் போறான். ஷெரிஃப்புக்குச் சொல்லிட்டேன். உன் இடுப்பிலிருந்து எப்படி உருவறதுன்னு என்கிட்டயே பழகிட்டுப் போறான்."

மறுமுனையில் கதவுத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"நான் ஓடறதா இல்லை, வெர்னாம்மா. இது என் வீடு. இன்னொரு தடவை இவனுக்காகப் பெட்டி கட்ட மாட்டேன்." குரல் நடுங்கவில்லை. "எந்த உறையைத் திறக்கக் கத்துக்கொடுத்தீங்க?"

வெர்னா காலிக் கொக்கியைப் பார்த்தாள்.

"உன்கிட்ட இல்லாததை."