நிக்கோலஸ் திருநாளுக்கு வந்தவள்

“இன்னிக்கு எல்லார் முன்னாடியும் நீங்க சொல்லலைன்னா, நானே வந்து சொல்லிடுவேன்!” என்று மிலோராதிடம் போனில் கத்திவிட்டுத்தான் நெவேனா கிளம்பினாள்.

இரண்டு வருடமாக ‘அடுத்த மாசம் விவாகரத்து’ என்று அல்வா கொடுத்துக்கொண்டிருந்தார் மனுஷன். இன்று அவர் குடும்பத்தின் காவல் புனிதர் நிக்கோலஸின் திருநாள். இந்த விருந்துக்கு யாரையும் அழைக்க மாட்டார்கள். வந்தவரை யாரும் விரட்டவும் கூடாது. வால்யேவோ ஊரில் அதை மீற எவருக்கும் துணிச்சல் கிடையாது.

மனைவி தெசன்காதான் கதவைத் திறந்தாள். ‘வாயில்லாப் பூச்சி’ என்று மிலோராத் சொன்னது இவளைத்தானா? வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“நான் நெவேனா. உங்க வீட்டுக்காரர்கிட்ட கார் ஓட்டக் கத்துக்கிட்டவ” என்றாள், வேண்டுமென்றே அழுத்தி.

“தெரியும்மா. உள்ள வா, பனி கொட்டுது.” வால்நட் போட்டு இனிப்பாகப் பிசைந்த கோதுமையை ஒரு கரண்டி எடுத்து நீட்டினாள் தெசன்கா. “முதல்ல இதை வாயில போடு. சண்டை போடறதா இருந்தாலும் வெறும் வயித்தோட வேண்டாம்.”

மனப்பாடம் செய்து வந்த வசனத்தை ஒதுக்கிவிட்டு நெவேனா கரண்டியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

மேஜையைச் சுற்றி நான்கு பெண்கள். நாத்தனார்களாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

“தள்ளி உக்காருங்கடி, பொண்ணுக்கு இடம் விடுங்க!” என்றாள் தெசன்கா.

“எப்படி இளைச்சுப் போயிருக்கா பாரு” என்று ஒருத்தி பெரிய மீன் துண்டை நெவேனாவின் தட்டில் வைத்தாள்.

திருநாளன்று வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. நின்றுகொண்டே பரிமாற வேண்டும். பிளம் சாராயப் பாட்டிலுடன் வந்த மிலோராத், நெவேனாவைப் பார்த்ததும் பேயறைந்தவர் போல நின்றார்.

“என்ன முழிக்கிறீங்க? விருந்தாளிக்கு ஊத்துங்க” என்றாள் தெசன்கா.

ஊற்றினார். பாதி மேஜைவிரிப்பில் கொட்டியது.

“வந்து... தெசன்கா...”

“பேச்செல்லாம் அப்புறம். அங்க ரொட்டி தீர்ந்துபோச்சு பாருங்க.”

ரொட்டி எடுக்க ஓடினார். பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள்.

‘என் வீட்டுல நான் வெச்சதுதான் சட்டம்’ என்று பீற்றிக்கொண்ட ஆளா இது? இவருக்காகவா இரண்டு வருடம் அழுதோம் என்று நெவேனாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் இந்தப் பொம்பளை! குரலை உயர்த்தவில்லை, ஒரு சுடுசொல் இல்லை. அடேயப்பா! அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

விடைபெறும்போது வாசலில் நெவேனாவின் கண் கலங்கியது.

“அக்கா, நான் எதுக்கு வந்தேன்னு...”

“தெரியும்.”

“மன்னிச்சிடுங்க. இனிமே அவர் முகத்துலயே முழிக்க மாட்டேன்.”

“அது உன் இஷ்டம். ஆனா அடுத்த வருஷமும் நீ இங்க வரணும். இந்த விருந்துல ஒரு தடவை கை நனைச்சவங்க வருஷா வருஷம் வந்தாகணும், அதான் வழக்கம்.”

“ஐயோ, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது? உங்க சொந்தக்காரங்க அத்தனை பேரும் இருப்பாங்களே!”

“சொந்தக்காரங்களா?” தெசன்கா வாய்விட்டுச் சிரித்தாள். “அந்த நாலு பேரும், உன்னை மாதிரியே ஒவ்வொரு வருஷம் ஒவ்வொருத்தியா, என் புருஷனைக் கேட்டு இந்த வாசலுக்கு வந்தவங்கதான்டி!”